எழுவான்கரையும் படுவான்கரையும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் வழியில் உள்ளது களுவாஞ்சிக்குடி. மருதமுனை, காத்தான்குடிச் சகோதரிகளுக்குப் பஸ் ஜன்னலில் கடந்து போகும் ஊர்தான். கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவிக்கு இப்பால் எழுவான்கரை, அப்பால் படுவான்கரை. சூரியன் எழுவதையும் படுவதையும் பார்த்தே முன்னோர் பெயர் வைத்திருக்கிறார்கள்!

பக்கத்தில் உள்ள குருமண்வெளித் துறையில் மண்டூருக்குப் 'பாதை' ஏறினோம். (வெளியூர் வாசகிகளுக்கு: இங்கே பாதை என்றால் வீதியல்ல; ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை.) களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் மருந்தெடுத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாயும் வந்தார். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது நினைவிருக்கும். எண்ணெய் கிடைக்காவிட்டால் இத்தகைய தாய்மார் எப்படிக் கரை சேர்வது?

"பெரிய கப்பலையே சூரியனால ஓட்டுறாங்களாம், மெய்யா உம்மா?" என்றாள் மகள்.

பாதிதான் மெய். கப்பல்கள் கடலில் செல்வதை அல்லாஹ்வின் அத்தாட்சியாகத் திருமறை பல இடங்களில் நினைவூட்டுகிறது. அன்று காற்று, பிறகு நிலக்கரி, இன்று எண்ணெய். 2008ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானியர் 'அவுரிகா லீடர்' என்ற கார் ஏற்றும் கப்பலில் 328 சூரியத் தகடுகளைப் பொருத்தினார்கள். கிடைத்தது 40 கிலோவாட். அவ்வளவு பெரிய கப்பலை ஓட்டவோ பத்தாயிரம் கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். விளக்குகளுக்கும் சில்லறைத் தேவைகளுக்கும் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். பாரம் மலைபோல் பெருகினாலும், வெயில் படும் மேல்தட்டு அந்த அளவுக்குப் பெருகுவதில்லையே!

சிறு படகின் கணக்கு வேறு. பாரம் குறைவு, வேகம் குறைவு, தூரமும் குறைவு. கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலில், வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் 'ஆதித்யா' ஓடத் தொடங்கியது. 75 பேர் அமரலாம். கூரைத் தகடுகள் சுமார் 20 கிலோவாட். மின்கலத்தில் சேமித்து வைத்து ஓடுகிறது. புகையில்லை, இரைச்சலில்லை. நம் வாவியின் வெயில் அதற்கு இளைத்ததா என்ன?

ஆனால் தகடுகளைக் கூரையில் ஏற்றினால் பாரம் மேலே போகும். 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து, பள்ளிக்குப் புறப்பட்ட நம் பிஞ்சுகள் மௌத்தானதை எந்தத் தாய் மறப்பாள்? ஆதித்யாவுக்கு அடியில் இரண்டு உடல்கள் அகலமாகப் பிரிந்து நிற்கின்றன. அதனால் எளிதில் சாயாது. நம் வாவிக்கு அப்படி ஒரு படகு வருமானால், தகடு எத்தனை என்பதற்கு முன் அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.