தரங்கம்பாடிக் கோட்டையில் ஒரு பகல்

சேர்வராயன் மலையில் வாழும் நமக்குக் கோட்டை என்பது பழக்கமில்லாத பொருள். மலையே அரணாக நிற்கும் ஊர்களில் மதில் எழுப்ப யாருக்குத் தேவை வந்தது? தலைச்சோலையிலிருந்து இருபது கொண்டைஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறங்கி, அங்கிருந்து கீழைக் கடற்கரைக்குப் போகும் நம்மவர் பெரும்பாலோர் நாகூரை நாடியே போகின்றனர். நாமும் பலமுறை அவ்வாறே சென்றிருக்கிறோம். வழியில் பொறையாற்றை அடுத்துத் தரங்கம்பாடி என்னும் பெயர்ப்பலகையைப் பேருந்தின் சாளரத்தினூடே பார்த்ததுண்டு, இறங்கியதில்லை. இம்முறை ஜியாரத்தை முடித்துத் திரும்புகையில், ஒரு பகல் முழுவதையும் அவ்வூருக்கென ஒதுக்கி இறங்கினோம்.

ஊருக்குள் நுழைவோரை முதலில் எதிர்கொள்வது ஒரு வெண்ணிற வாயில். 1792 என்னும் ஆண்டு அதற்குரியது. அந்த எண் நமக்குப் புதிதன்று. திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் சேலத்தையும் பாராமகாலையும் ஆங்கிலக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்த ஆண்டும் அதுவே. நம் மலை கைமாறியது அப்போதுதான். டென்மார்க்கு அரசர் அட்லாண்டிக் கடல்வழி அடிமை வாணிகத்தை நிறுத்துமாறு ஆணை பிறப்பித்ததும் அதே ஆண்டில். (ஆணை நடைமுறைக்கு வந்தது 1803இல், வணிகர்க்குக் கொடுத்த தவணை அவ்வளவு தாராளம்!) இத்தனை செய்திகள் ஓர் ஆண்டில் அடங்கியிருக்க, வாயிலோ ஒன்றும் அறியாததுபோல் ஆட்டோக்களுக்கு வழிவிட்டு நிற்கிறது.

அரசர் வீதியின் வழியே நேரே நடந்தால் கடல். கடலுக்குச் சற்று முன்னே, காவி கலந்த வெளிர்நிறத்தில் டேன்ஸ்பர்க் கோட்டை. இடைக்காலக் கோட்டை என்று இதனைச் சிலர் எழுதுவர். 1620இல் தொடங்கிய கட்டடத்தை அவ்வாறு சொல்வது ஐரோப்பியக் கணக்குக்குப் பொருந்தாது. உண்மையான இடைக்காலச் சின்னம் பார்வைக்கெட்டும் தொலைவிலேயே கடலோரத்தில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டளவில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அக்கோயிற் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்கிறது. அலைகள் பாடுவதால் தரங்கம்பாடி என்று எல்லோரும் மகிழ்ந்து சொல்லும் விளக்கம் பிற்காலத்தது போலும். எனினும் அந்த மணலில் நின்று கேட்டால் அதனை மறுக்க மனம் வருவதில்லை.

டேனிஷ்காரர் இங்கு வந்த கதை தோல்வியில் தொடங்கியது. நான்காம் கிறிஸ்தியன் மன்னர் 1618இல் அனுப்பிய கப்பற்படைக்கு இலக்கு இலங்கை. கண்டியரசருடன் எண்ணிய ஏற்பாடு கைகூடவில்லை. அதற்கிடையில், முன்னோட்டமாக வந்த ஒரு கப்பலைப் போர்த்துக்கேயர் காரைக்கால் அருகே அழித்தனர். உயிர்தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சை அவைக்குக் கொண்டு செல்லப்பட்டார். இரகுநாத நாயக்கரின் ஆதரவு அவருக்கு அங்கேதான் கிடைத்தது. படைத்தலைவர் ஓவே யெட்டே வந்து சேர்ந்ததும், 1620 நவம்பரில் உடன்படிக்கை முடிந்தது. நாயக்கர் டென்மார்க்கு மன்னர்க்குத் தங்கத்தகட்டில் தமிழில் எழுதுவித்த மடல் இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோட்டையைக் கட்டியவர்கள் நம் நாட்டுக் கொற்றர்களும் கூலியாட்களுமே. செங்கல்லும் சுண்ணாம்பும் இம்மண்ணுக்குரியவை. வடிவம் மட்டுமே கப்பலேறி வந்தது.

உள்ளே முற்றத்தைக் கடந்தால் கடலைப் பார்த்த முதன்மைக் கட்டடம். கீழ்த்தளத்து அறைகள் கவிந்த வளைவுக் கூரையுடையவை. பண்டகசாலை, மருந்தறை, சிறை எல்லாம் அங்கேதான். மேல்தளத்தில் ஆளுநரும் அதிகாரிகளும் பாதிரியாரும் இருந்தனர். தொழுகைக்கூடமும் மேலேதான் இருந்தது. மேலே சென்றால் கடற்காற்று முகத்தில் அறைகிறது. கீழே இறங்கினால் வெளவாலின் வாடை. நாம் கீழேயே நெடுநேரம் நின்றோம்.

இந்தப் பண்டகசாலையை நிறைத்தவர் யார்? சோழமண்டலக் கரையின் துணி கிழக்கே அச்சேக்கும் மக்காசாருக்கும் போயிற்று; மக்காசாரிலிருந்து கிராம்பு வந்தது. அந்தக் கடல்வழிகளை டேனிஷ்காரர் கண்டுபிடிக்கவில்லை. நாகூர், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து நம் மரக்காயர்களும் மாலுமிகளும் தலைமுறை தலைமுறையாக ஓடிய பாதைகள் அவை. இவ்வூரிலும் முஸ்லிம் வணிகர் வாழ்ந்தனர், பள்ளிவாசல் உண்டு. லுஹர் தொழுகையை இங்கேயே நிறைவேற்றினோம். ஆயினும் கோட்டைக்குள் உள்ள அருங்காட்சியகத்தில் பீங்கான் கலங்களையும் வாட்களையும் பார்த்து வந்த நம் கண்ணுக்கு, அந்தக் கடலோடிகளின் சுவடு ஒன்றும் படவில்லை. இத்துறையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஏழைகளின் பெயர்களை எங்கே தேடுவது?

ஒரு கதையை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். டேனிஷ் கும்பினி 1650இல் கலைக்கப்பட்டது. தாய்நாட்டிலிருந்து கப்பல் வருவது நின்றது. கோட்டையிலிருந்தோர் ஒவ்வொருவராக மாண்டனர். 1655இலிருந்து எஸ்கில் கொங்ஸ்பாக்கே என்னும் எளிய மனிதர் ஒருவரே எஞ்சிய டேனிஷ்காரராக, உள்ளூர் வேலையாட்களின் துணையோடு, 1669இல் மீண்டும் ஒரு கப்பல் வரும்வரை இக்கோட்டையைக் காத்தார். இதனை வீரகாவியமாகவே சொல்வர். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பதினான்கு ஆண்டுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? வங்கக் கடலில் சென்ற கப்பல்களைப் பிடித்து விற்றார். முகலாயர் குடிமக்களின் கப்பல்கள்மீது டேனிஷ்காரர் 1642இலேயே போர் தொடுத்திருந்தனர். அப்பகை 1698வரை தீரவில்லை. ஊரைச் சுற்றி எழுந்த மதிலுக்கும் அந்தப் பொருளே உதவிற்று. ஆக, காவலுக்கு எழுந்த சுவரின் ஒவ்வொரு வரிசைச் செங்கல்லிலும் வீடு திரும்பாத ஏதோ ஒரு மரக்கலத்தின் சரக்கு இருக்கிறது. கொங்ஸ்பாக்கேயின் தனிமைக்கு இரங்கும் அன்பர்கள் அந்த மரக்கலத்து நாகுதாவுக்கும் சற்று இரங்கலாம்.

இந்தச் சிறையில் தமிழ்நாடு மறக்கவியலாத ஒருவரும் இருந்தார். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவை, அவரை அனுப்பிய அரசரின் ஆளுநரே 1708இல் பிடித்து நான்கு திங்கள் அடைத்து வைத்தார். வெளியே வந்த அவர் அச்சுக்கூடம் நிறுவித் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். அவர் பதிவு செய்த சமய உரையாடல்களில் முஸ்லிம்களோடு நடத்தியவையும் உண்டு. அதே சபையின் வழியில் 1750இல் இங்கு வந்த சுவார்ட்சு, 1779இல் ஆங்கிலேயரின் தூதராக ஹைதர் அலியிடம் சீரங்கப்பட்டணம் சென்றார். அன்று சேலமும் ஹைதரின் ஆட்சியில்.

1845இல் டென்மார்க்கு இவ்வூரைச் சீராம்பூருடன் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்ததும் துறைமுகம் உறங்கிப்போயிற்று. நாடு விடுதலை பெற்றபின் கோட்டை அரசின் பயணியர் விடுதியாக இருந்தது. 1970களின் இறுதியில் மாநிலத் தொல்லியல் துறையின் கைக்கு வந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கில் அமைந்த தரங்கம்பாடிச் சங்கத்தாரும் நம் தொல்லியல் துறையினரும் சேர்ந்து இதனைச் செப்பனிட்டனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மீனவர் குடியிருப்பில் ஏராளமான உயிர்களைக் கொண்டுபோனது, கோட்டை நின்றது.

செப்பனிட்ட முறையைத்தான் நாம் உன்னிப்பாகப் பார்த்தோம். பழைய கட்டடத்துக்கு உறவான பூச்சு சுண்ணாம்புக் காரை. அது ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விடும். சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைக்கும். கடலுப்பு செங்கல்லுக்குள் தங்கி அதனைப் பொடியாக்கும். மேலுக்குப் பளபளப்பாக இருக்கும் சுவர் உள்ளுக்குள் மாவாகிக் கொண்டிருக்கும். இதனை அறிய மேல்நாட்டுப் படிப்பு வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் காலத்துக் கொற்றர்கள் அறிந்ததே.

அங்கு நின்றபோது நம் எண்ணம் நம்முடைய பள்ளிவாசல்களின்பால் சென்றது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தமிழ்நாட்டுத் தூண்களும் போதிகைகளும் தாங்கிய கற்பள்ளிகள் இருக்கின்றன. உருவம் பொறியாத, பூவும் கொடியும் மட்டும் செதுக்கிய அந்தத் தூண்களைப் போல் தமிழ் முஸ்லிமின் வரலாற்றைச் சொல்லும் சான்று வேறில்லை. அவை நிற்கின்றன; அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சிற்றூர்கள் பலவற்றில் பழைய பள்ளி இடிந்து, பளிங்குத் தரையும் உயர்ந்த மினாராவும் எழுந்துவிட்டன. ஜமாஅத் பெருகியது, இடம் போதவில்லை என்பர். அது மெய்யான காரணந்தான். வெயிலில் நின்று ஜும்ஆத் தொழுவோரிடம் தூணின் அழகைப் பேச முடியாது. எனினும் பழையதை உள்ளே வைத்துப் புதியதைப் பக்கத்தில் நீட்டியிருக்கலாம் என்று சொல்ல ஆள் இல்லாமற் போயிற்று. அந்நியரின் பண்டகசாலையைக் காக்க அவர்தம் பேரர்கள் கடல்கடந்து வந்தனர். நாம் தெருவைக் கடந்தும் போகவில்லை.

நாம் அறிந்த ஓர் ஊரில், பெயர் வேண்டாம், பழைய பள்ளியின் தூண்களுள் இரண்டு ஹவுளின் ஓரத்தில் கிடத்தப்பட்டுள்ளன. எழுத்துப் பொறித்த பலகைக்கல் ஒன்று ஒளுச் செய்யுமிடத்தில் படியாக இருக்கிறது. பாதி எழுத்து தேய்ந்துவிட்டது. அதனைப் படியெடுத்துக்கொள்ளவும், பெயர்த்து உட்சுவரில் பதிக்கவும் இசைவு வேண்டி, ஊர் திரும்பிய மறுநாளே அந்த ஜமாஅத்தாருக்கு மடல் எழுதினோம். மறுமொழி இன்னும் வரவில்லை. இன்ஷா அல்லாஹ், மழைக்கு முன் நேரிலேயே போக இருக்கிறோம்.