முதலில் பதில் சொன்ன டிஸ்க்

லினக்ஸ் கணினியில் ஹார்ட் டிஸ்குக்கு எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்று வரும் எழுத்துகளை அந்த டிஸ்கின் பெயர் என்றே பலரும் நம்புகிறார்கள். அது பெயரே அல்ல. அன்றைக்கு லினக்ஸின் மையமான கெர்னல் அதைக் கண்டுபிடித்த வரிசை. கடலூர் மாவட்டத்தில் கணினி வைத்திருப்பவர்களுக்கு இது அவசியம் தெரிந்திருக்க வேண்டும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்றாலே இங்கே கரண்ட் போய்ப் போய் வரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரண்ட் வரும் ஒவ்வொரு முறையும் கணினி தன் கருவிகளை முதலிலிருந்து தேட வேண்டும்.

சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் டி.டி.பி. கடை நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகைகள், பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகள் எல்லாம் இரண்டாவது டிஸ்கில் இருக்கும். ஐப்பசியில் ஒரு நாள் காலை போன் செய்தார். “தம்பி, ராத்திரி கரண்ட் போச்சு. இப்ப போட்டா டிஸ்க்கையே காணோம்ங்குது.” டிஸ்க் பத்திரமாகத்தான் இருந்தது. நேற்றைய எஸ்.டி.பி. இன்று எஸ்.டி.ஏ. ஆகியிருந்தது; கணினி இன்னும் பழைய எழுத்தில்தான் அதைத் தேடியது.

கெர்னல் எழுந்ததும் தன்னோடு சேர்த்துத் தொகுக்கப்பட்ட டிரைவர்களை 0 முதல் 7 வரையுள்ள படிகளில் வரிசையாகத் தொடங்குகிறது. அடிப்படை வேலைகள் கீழ்ப்படிகளில் முடியும். சாதாரண டிரைவர்களின் இடம் 6ஆம் படி. ஒரே படியில் இருப்பவர்களுக்குள் யார் முந்தி என்பது மேக்ஃபைலில் எழுதிய வரிசையைப் பொறுத்தது.

பி.சி.ஐ. கருவிகளைத் தேடும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். சிதம்பரம் கீழவீதியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீதி போன்ற ஒரு பஸ்ஸில் 32 இடங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் 8 பகுதிகள் வரை இருக்கலாம். யாரும் இல்லாத இடத்தில் எல்லா பிட்டும் ஒன்றாகவே பதில் வரும். வீதி முழுதும் பார்த்து முடித்த பிறகுதான் சந்துகள். பிரிட்ஜ் எனப்படுவது அந்தச் சந்தின் முனை. சந்துக்குள் இன்னொரு சந்து இருந்தால் அதையும் முடித்துவிட்டே அடுத்ததற்குப் போவார். அதே கணினியில் எத்தனை முறை தேடினாலும் இந்த வரிசை மாறாது.

வேகம் தேவைப்பட்டபோதுதான் வரிசை குலைந்தது. சுழலும் டிஸ்க் தயாராகச் சில விநாடிகள் பிடிக்கும். அதுவரை மற்றவை சும்மா காத்திருந்தன. 2008இல் இன்டெல் பொறியாளர்கள் ஆர்ஜான் வான் டி வென், ஔக் கோக் இருவரும் ஒரு சிறிய ஈ பிசி மடிக்கணினியை 5 விநாடியில் எழுப்பிக் காட்டினார்கள். பல தேடல்களை ஒரே நேரத்தில் நடத்தும் வசதி அடுத்த ஆண்டு கெர்னலுக்குள் வந்தது. இன்று முந்திக்கொண்ட டிஸ்குக்கே முதல் எழுத்து கிடைக்கலாம். இதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்து மாறாமல் இருப்பதற்காக எல்லாரையும் காக்க வைப்பதைவிட, டிஸ்கை வேறு வழியில் அடையாளம் காண்பதுதான் முறை. ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் யு.யு.ஐ.டி. என்ற நீண்ட எண் எந்த வரிசையிலும் மாறாது. எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் அண்ணனின் எஃப்எஸ்டேப் கோப்பில் இப்போது அதுதான் இருக்கிறது.

வரிசை உண்மையிலேயே தேவைப்படுவது, ஒரு கருவி இன்னொன்றை நம்பியிருக்கும்போது. கைபேசியில் திரைக்கு மின்சாரம் விட ஒரு ரெகுலேட்டர் சிப் வேண்டும். அந்தச் சிப்போடு பேச ஐ2சி பாதை வேண்டும். திரையின் டிரைவர் முன்னதாக வந்துவிட்டால், பிறகு வருகிறேன் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும் வழியை 2012இல் கிராண்ட் லைக்லி சேர்த்தார். கூகுளின் சரவண கண்ணன் எழுதிய எஃப்டபிள்யூ டெவ்லிங்க் இன்னும் ஒரு படி மேலே போனது. யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்பதை, கருவிகளின் விவரப் பட்டியலான டிவைஸ் ட்ரீயிலிருந்தே முன்கூட்டிப் படித்துவிடுவதால், வீண் முயற்சிகள் பெரும்பாலும் குறைந்துவிட்டன.

கடலூரில் என்னிடம் லினக்ஸ் கற்க வரும் பிள்ளைகளுக்கு டிமெசேஜ் கட்டளையைத்தான் முதலில் காட்டுகிறேன். எந்தக் கருவி எத்தனையாவது விநாடியில் பதில் சொன்னது என்று வரி வரியாக அதில் இருக்கும். கணினியை மறுபடி எழுப்பி ஒப்பிடச் சொன்னால், சில வரிகள் இடம் மாறியிருப்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.