வரியில்லாக் குதிரைகள்

ஆங்கில அரிச்சுவடியின் இறுதி எழுத்தைக் கற்கும் நாளில் நம் குழந்தைகளுக்கு அறிமுகமாகும் விலங்கு வரிக்குதிரை. வீட்டு முற்றத்து வேம்பின் பெயர் அறியாத பிள்ளையும் அதன் படத்தைக் கண்டவுடன் பெயர் சொல்லிவிடும். ஆயினும் அவ்விலங்கை நேரிற் கண்டோர் நம்மிடையே மிகச் சிலரே. அவருட் பெரும்பாலாரும் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் வேலிக்கு வெளியே நின்று கண்டவர்களே. கிழக்காபிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியில் ஏறத்தாழ 2 இலட்சம் வரிக்குதிரைகள் மழையையும் பசும்புல்லையும் தேடி ஆண்டுதோறும் இடம்பெயர்கின்றன என்று படிக்கிறோம். கமெராவுடன் அங்கு சென்று, விடியற்காலை வெயிலில் அவற்றைப் படம் பிடித்து வருதல் எவ்வளவு இன்பமான காரியம்! கல்குடாவில் வாழும் ஒரு கல்லூரி ஆசிரியரின் சம்பளத்தில் அது இயலுமா என்பதை வாசகரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

வரிக்குதிரையைப் பார்த்து வியந்தவர் வரிசையில் மொகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீரும் ஒருவர். 1621 இல் அபிசீனியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு வரிக்குதிரை அவர்தம் அரசவையை அடைந்தது. பார்த்தவர் சிலர், யாரோ வேண்டுமென்றே வர்ணம் பூசிவிட்டனர் என்று ஐயுற்றனராம். நன்கு சோதித்த பின்னரே அவ்வரிகள் இயற்கையாய் அமைந்தவை எனத் தெளிந்தனர். பாரசீக மன்னர் ஷா அப்பாசுக்கு அனுப்பும் அன்பளிப்புக்களோடு அதனைச் சேர்ப்பதென முடிவாயிற்று. எனினும் அதற்குள் அரசவை ஓவியர் மன்சூர் அதனை வரைந்துவிட்டார். அவ்வோவியம் இன்று இலண்டன் விக்டோரியா அல்பேட் அரும்பொருட்சாலையில் உள்ளது. மன்சூர் வரைந்தது பொதுவானதொரு வரிக்குதிரையை அன்று. அந்த ஒரு குதிரையை. அதன் ஒவ்வொரு வரியையும் பொறுமையோடு நோக்கி வரைந்திருக்கிறார். கமெராவைக் கையில் எடுக்கும் மாணவர்க்கு நாம் முதலிற் காட்டுவது அவ்வோவியத்தின் பிரதியையே.

இந்த வரிகள் எதற்கு என்னும் வினாவுக்கு விடை காண ஆய்வாளர் நெடுங்காலம் முயன்றிருக்கின்றனர். சிங்கத்தின் கண்ணை மயக்குவதற்கு என்றனர் சிலர். வெப்பத்தைத் தணிப்பதற்கு என்றனர் வேறு சிலர். அண்மைக்கால ஆராய்ச்சிகள் கடிக்கும் ஈயின் பக்கமே கையைக் காட்டுகின்றன. ரிம் காரோ என்பாரும் அவர்தம் குழுவினரும் 2019 இல் வெளியிட்ட ஆய்வொன்று சுவையானது. இங்கிலாந்தில் சாதாரணக் குதிரைகளுக்கு வரிபோட்ட துணியைப் போர்த்திப் பார்த்தனர். ஈக்கள் சுற்றி வந்தன. ஆனால் வரித்துணியில் வந்து இறங்கியவை மிகக் குறைவு. துணி மூடாத தலையிலோ வழக்கம்போல வந்து மொய்த்தன. அதே ஆண்டில் யப்பானியர் சிலர் கரும்பசுக்களின்மேல் வெள்ளை வரி தீட்டிப் பார்த்தபோது, கடிக்கும் ஈக்கள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன. இச்செய்தியை வகுப்பிற் சொன்னபோது, பட்டிக்காரர் ஒருவரின் மகன், தகப்பனாரின் எருமைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பார்க்கப் போவதாகக் கூறி எல்லோரையும் சிரிக்க வைத்தான். அடித்தானோ இல்லையோ, அறியோம். அந்த வாரம் தயிர்ச் சட்டி வழக்கம்போல எமது வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

எமது உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த செய்தி வேறொன்று. மனிதரின் விரல் அடையாளம்போல, ஒரு வரிக்குதிரையின் வரி மற்றொன்றுக்கு வாய்ப்பதில்லை. கென்யா நாட்டின் வடபகுதியில் கிரேவி என்னும் அரிய வரிக்குதிரை இனம் வாழ்கிறது. உலகில் எஞ்சியவை ஏறத்தாழ 3,000 மட்டுமே. 2016 இல் அவற்றை எண்ணுவதற்குப் புதியதொரு வழியைக் கையாண்டனர். பள்ளிப் பிள்ளைகள், ஆடுமாடு மேய்ப்போர், அறிவியலாளர் என்னும் வேறுபாடின்றி மக்களைத் திரட்டி, இரண்டு நாள்கள் படம் பிடிக்கச் செய்தனர். எல்லோரும் விலங்கின் வலப்பக்கத்தையே எடுத்தல் வேண்டும் என்பது விதி. பின்னர்க் கணினி அவ்வரிகளை ஒப்பிட்டு, எது எந்தக் குதிரை என இனங்கண்டு கணக்குச் சொல்லிற்று. துப்பாக்கி தூக்கிச் சென்றோர் போன காட்டில், படம் பிடிப்போர் சென்று உயிர்க்கணக்கு எடுத்தனர்!

இதனைக் கேட்டிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “எங்கட நாட்டில இப்படிக் கடிவாளமில்லாமல் திரியிற குதிரை ஒண்டும் இல்லையா, சேர்?” என்றாள்.

“இருக்கிறதே, நெடுந்தீவில்!” என்றோம். அந்த விடைதான் எம்மை இரண்டு முறை அங்கு இழுத்துச் சென்றது.

நெடுந்தீவு யாழ்ப்பாணத்தைச் சார்ந்த தீவுகளுள் பெரியதொன்று. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் அதனை ‘டெல்வ்ற்’ என அழைத்தனர். போர்த்துக்கேயரே அங்கு முதலிற் குதிரைகளைக் கொணர்ந்தனர் என்பது பொதுவாக வழங்கும் வரலாறு. ஒல்லாந்தர் அவற்றைப் பெருக்கி வளர்த்தனர். அவர்கள் காலத்துக் குதிரைலாயத்தின் தூண்கள் இன்றும் அங்கு நிற்கின்றன. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நோலன் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி தீவைத் தனியாட்சிபோல் நடத்திக் குதிரை வளர்ப்பிலும் ஈடுபட்டார். பின்னர் வளர்ப்போர் போயினர், வளர்க்கப்பட்டவை தங்கிவிட்டன. ஆகவே இவை ஆதியிலிருந்தே காட்டில் வாழ்ந்தவை அல்ல. சேணத்தை இறக்கி வைத்துவிட்டுப் புல்வெளிக்குத் திரும்பியவை. வரிக்குதிரையோ மனிதன் எத்தனை முயன்றும் முழுமையாக அடங்காத இனம். றொத்சைல்ட் பிரபு ஒருவர் இலண்டன் தெருவில் வரிக்குதிரைகளை வண்டியிற் பூட்டி ஓட்டிக் காட்டினார் என்பது உண்மையே. ஆனால் அவ்வழக்கம் நிலைபெறவில்லை.

தைப்பூச விடுமுறையில் எட்டு மாணவர்களுடனும் சக ஆசிரியை ஒருவருடனும் வாழைச்சேனையில் பஸ் ஏறினோம். பொலநறுவை, ஹபரணை, வவுனியா கடந்து யாழ்ப்பாணம் சேர ஓர் இரவு முழுவதும் ஆயிற்று. பின்னர்ப் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறை. அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பாசிக்குடாவின் தாலாட்டும் நீரிற் பழகிய எம் மாணவர்க்கு அந்தக் கடல் வேறொரு பாடத்தைப் போதித்தது, மூவர் வாந்தியெடுத்தனர்.

நெடுந்தீவின் கண்கவர் பொருள்கள் பல. முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகள், யானைக்கால் போன்ற அடிபருத்த பெருக்கு மரம், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஆகியவை பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நாம் அவற்றை விரைந்து கடந்து தெற்குப் புல்வெளிக்குச் சென்றோம்.

மழை ஓய்ந்து சில வாரமே ஆகியிருந்தது. தரையெங்கும் பசுமை, பள்ளங்களில் நீர். குதிரைகளைக் கண்டதும் மாணவர் ஓட முனைந்தனர். அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “கிட்டப் போகாதேங்கோ மாஸ்டர். குட்டி நிக்குது, ஆண்குதிரை விடாது” என்று எச்சரித்தார். பிறகு எம் ஊரை விசாரித்து, “உங்கடை ஊரிலை குதிரை இல்லையோ?” என்றார். மாடும் எருமையும் உண்டு, சில வேளை யானையும் வரும் என்றோம். “அப்ப இது என்ன பெரிய விசயம்!” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் சொற்படி தொலைவில் அமர்ந்தோம். விலங்கைப் பார்த்தலில் முதற்பாடம் அமர்தல். நின்றால் உருவம் பெரிதாகும்; நடந்தால் ஐயம் எழும். காற்று எம்மிடமிருந்து குதிரையை நோக்கி வீசாத பக்கமாகத் தரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசாதிருந்தால், அவை நம்மை ஒரு கற்குவியலாக எண்ணி மேயத் தொடங்கிவிடுகின்றன. அதன் பின்னர்த்தான் காட்சி ஆரம்பமாகிறது. ஓர் ஆண்குதிரை, சில பெண்குதிரைகள், அவற்றின் குட்டிகள் என ஒரு குடும்பம். சற்று அப்பால், இன்னும் குடும்பம் அமையாத இளங்காளையரின் தனிக்கூட்டம். சமவெளி வரிக்குதிரைகளும் இவ்வாறே வாழ்கின்றன. கூட்டத்தை ஆண்குதிரையே நடத்துகிறது என்று மாணவர் எண்ணியிருந்தனர். நீர்ப்பக்கம் முதலில் அடியெடுத்து வைத்தது நரைத்த முகமுடைய ஒரு பெண்குதிரை. ஏனையவை அதன்பின் சென்றன. ஆண்குதிரை கடைசியாக வந்தது. “எங்கட வீடு மாதிரித்தான்” என்றாள் ஒரு மாணவி. எம்முடன் வந்த ஆசிரியை அதனை மறுக்கவில்லை.

குதிரையின் செவியைப் பார்த்தால் அதன் மனம் தெரியும். முன்னோக்கி நிமிர்ந்தால் கவனம். பின்னோக்கிப் பிடரியோடு படிந்தால் சினம். செவி படிந்தவுடன் கமெராவை இறக்கிப் பின்வாங்க வேண்டும் என்பது நாம் வகுத்த விதி. பிஸ்கற் காட்டி அழைத்தல் கூடாது, கைதட்டி ஓடச் செய்தல் கூடாது என்பனவும் அவ்வாறே. ஓடும் குதிரையின் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கோடையில் நீரின்றித் திண்டாடும் பிராணியை நம் படத்துக்காக ஓடச் செய்து களைப்பூட்டுதல் முறையன்று.

படம் பிடிப்பதற்கு உகந்த நேரம் காலை எட்டு மணிக்குள்ளும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும். நண்பகல் வெயிலில் கபிலநிறக் குதிரை கரிய நிழலாகவே பதிகிறது. எம்மிடம் நல்ல கமெரா ஒன்றே இருந்தது. ஏனையோர் கைத்தொலைபேசியாற் சமாளித்தனர். முதல் நாள் இரவு படங்களைப் பார்த்தபோது ஒரு சிக்கல் வெளிப்பட்டது. எல்லாம் குதிரைகள், எது எந்தக் குதிரை என்பது தெரியவில்லை. கென்யாவில் வரி இருந்தது. இங்கோ வரியில்லை. வரியில்லாக் குதிரையை எவ்வாறு இனங்காண்பது?

மறுநாள் மாணவரே வழி கண்டனர். நெற்றியிற் சுட்டி உண்டா, அது பொட்டா, பிறையா, நாமம்போல் நீண்டதா? எந்தக் காலில் வெண்மை? பிடரிமயிர் எப்பக்கம் சரிகிறது? செவியிற் கிழிசல், உடலிற் தழும்பு உண்டா? ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம், இடப்பக்கம், முகம் என மூன்று படங்கள். இவ்வாறு 23 குதிரைகளுக்கு ஓர் ஏடு தயாராயிற்று. பெயர் வைக்க ஆசைப்பட்டனர். எண்ணே போதும் என்றோம். ஆயினும் நெற்றியிற் பிறையுள்ள 4 ஆம் எண் பெண்குதிரைக்கு யாரோ ‘பிறைசூடி’ என்று எழுதிவிட்டனர். அதனை நாம் அழிக்கவில்லை.

இவ்வேட்டினால் ஆகும் பயன் யாது என்று கேட்பாருமுளர். தீவில் எத்தனை குதிரைகள் உள்ளன என்று கேட்டுப் பாருங்கள். 500 என்பார் ஒருவர், 1,000 என்பார் மற்றொருவர். 2015 இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும் மழை பொய்க்கும் ஆண்டுகளில் குதிரைகள் நீரின்றி மடிவதாகப் பத்திரிகைச் செய்திகள் வரவே செய்கின்றன. சுற்றிலும் உவர்க்கடல்; ஆறு கிடையாது; நன்னீர்க் கிணறுகள் சில இடங்களில் மட்டுமே. மக்களுக்கே நீர் அரிதான இடத்தில் குதிரைக்கு எவர் இறைப்பது? ஆயிரத்துள் பத்து இறந்தால் ஒரு செய்தி. ஐந்நூற்றுள் ஐம்பது இறந்தால் அது வேறு செய்தி. கணக்கில்லாத இடத்தில் இரண்டும் ஒன்றாகவே காதில் விழுகின்றன.

ஆகையால் ஆவணி விடுமுறையில் மீண்டும் சென்றோம். இம்முறை மாணவர் நால்வர். பசுமை எங்கும் இல்லை. பள்ளங்கள் வெடித்துக் கிடந்தன, காலடியில் புழுதி. குதிரைகளின் விலா எலும்பை எண்ணக்கூடியதாக இருந்தது. பழைய கூட்டங்கள் சிதறி, நீருள்ள இடங்களின் அருகே ஒதுங்கியிருந்தன. ஒரு வீட்டுக்காரர் மாலைதோறும் தம் மாடுகளுக்கு இறைக்கும் நீரில் மிச்சத்தை வேலிக்கு வெளியேயுள்ள சீமெந்துத் தொட்டியில் ஊற்றுகிறார். அங்கு காத்திருந்தோம். இருள் சூழும் வேளையில் ஒவ்வொன்றாக வந்தன. ஏட்டைப் புரட்டி, டோர்ச் வெளிச்சம் அவற்றின் கண்ணிற் படாதவாறு பிடித்து, மாணவர் அடையாளம் பார்த்தனர். முதலில் 11, அதன்பின் கிழிந்த செவியுடைய 2, பின்னர் நரைத்த முகத்தாள். பிறைசூடி கடைசியாக வந்தாள், மெலிந்த உடலோடு. அவளருகே, தையில் நாம் காணாத ஒரு சிறு குட்டி நின்றது. அதற்கு 24 என எண் இட்டோம்.

மூன்று நாளில் 23 இல் 18 ஐக் கண்டோம். எஞ்சிய ஐந்தில் இரண்டை அன்று கண்டதாகத் தீவு மக்கள் படம் பார்த்துச் சொன்னார்கள். ஒன்று இறந்துவிட்டது, அதன் வெண்காலைத் தெற்குக் கரையோரத்தில் நாமே கண்டோம். 9 உம் 16 உம் பற்றி எச்செய்தியும் இல்லை. இறந்தவை என்று எழுதலாமா என ஒரு மாணவன் கேட்டான். காணவில்லை என்று எழுது என்றோம்.

ஏட்டின் பிரதி ஒன்றை நீர் இறைக்கும் அவ்வீட்டுக்காரரிடம் கொடுத்தோம். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, 16 ஆம் எண்ணில் விரலை வைத்து, “இவன் வடக்குப் பக்கம் போயிருப்பான், மாஸ்டர். மழை பெய்தா வருவான்” என்றார். கார்த்திகை மழைக்குப் பின் அவரிடம் தொலைபேசியிற் கேட்க வேண்டும்.