தகடும் தாளும்

ஓய்வுபெற்ற விமானங்களின் உறுப்புகளை ஏலத்தில் எடுத்துச் சேர்ப்போர் உலகிற் பலருளர். 2003 இல் கொன்கோட் விமானம் சேவையினின்றும் நீங்கியதும் அதன் உறுப்புகள் பாரிசிலும் இலண்டனிலும் ஏலம் கூறப்பட்டன. இலண்டனில் ஒரு மூக்குக் கூம்பு மட்டுமே 3 இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. 2022 இல் பிரான்சின் தூலூஸ் நகரில் ஏ380 விமானமொன்றின் ஏறத்தாழ 500 பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. இனிப் பறக்கமாட்டாத ஒன்றுக்கு இத்துணை மதிப்பு எங்ஙனம் வந்தது?

விமான உறுப்பு தன் வரலாற்றைத் தாளிற் சுமந்தே வாழ்கின்றது. எந்த விமானத்திற் பூட்டப்பட்டது, எத்தனை மணிநேரம் பறந்தது, எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்பன பதிவில் இருத்தல் வேண்டும். பதிவு தவறிய உறுப்பு, எத்துணைப் புதுமெருகுடன் இருப்பினும், மீண்டும் பறக்கத் தகாதது. நிறைக்கு விற்கும் உலோகமே அது. சேகரிப்பவனும் இதே தாளைத்தான் கேட்கின்றான். எந்த விமானத்தினது என்று காட்ட முடியாத கடிகாரத்துக்கு அவனும் நல்ல விலை தருவதில்லை.

இது நமக்குப் புறம்பான செய்தியன்று. நாம் நாள்தோறும் கடந்து செல்லும் பேராதனைப் பூங்காவில் 1944 இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் அமைந்திருந்தது. அந்தப் போரில் உழைத்த டக்கோட்டா விமானங்கள் பல, போர் ஓய்ந்தபின் மலிவாக விற்கப்பட்டுப் பல நாடுகளிற் பயணிகள் சேவைக்கு வித்தாயின. எயார் சிலோனின் முதற் சேவையும் டக்கோட்டாவிலேயே தொடங்கிற்று. 1947 டிசம்பர் 10 ஆம் நாள் ‘சீதாதேவி’ இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பின்னர் போரினால் வடக்கின் அவ்வான்வழி அடைபட்டது. 2019 இற் பலாலியிலிருந்து மீண்டும் சென்னைக்கு விமானம் எழும்வரை, என் தலைமுறைக்கு அது கேள்விச் செய்தியாகவே இருந்தது.

எங்கள் அம்மப்பாவிடம் உள்ளங்கையளவான அலுமினியத் தகடொன்று உண்டு. பழைய டக்கோட்டாவொன்றினது என்றும், கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில் ஏலத்தில் எடுத்தது என்றும் சொல்வார். அதிற் பொறித்த எண் தேய்ந்துவிட்டது. பற்றுச்சீட்டு இடப்பெயர்விலே தொலைந்தது. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் அதே பெட்டியில்தான் இருந்தனவாம். தாளிழந்த தகட்டை உலகம் வெறும் உலோகம் என்கின்றது, தாளிழந்த மனிதரையோ அலுவலகந்தோறும் நிறுத்தி, “நீர் யார்?” என்று வினவுகின்றது. இரண்டையும் அறிந்தவர் அவர்.

எண்பதைக் கடந்த அவரது நினைவே இன்று அந்தத் தகட்டின் ஒரே ஆவணம். ஆகவே, சென்ற விடுமுறையில் அவர் சொன்னவற்றையெல்லாம் ஆண்டும் இடமும் குறித்து எழுதி, அவரது கையொப்பத்தையும் பெற்றேன். எந்த ஏலக்காரனும் அதை ஏற்கமாட்டான் என்பது தெரியும். ஆயினும், வரலாறு பயிலும் மாணவனுக்கு அது முதன்மைச் சான்று.

கொன்கோட்டின் மூக்கை வாங்கச் செல்வம் வேண்டும். நம் வீட்டுப் பொருள்களின் வரலாற்றை, அறிந்தவர் இருக்கும்போதே எழுதிவைக்க ஒரு கொப்பியும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.