தொட்டி மண்ணில் வந்தது

டிசம்பர் 22, 2024, ஞாயிறு. மயூர் விஹார், தில்லி.

பால்கனியில் தக்காளியும் சாமந்தியும் ஓய்ந்துபோன எட்டுத் தொட்டிகளை இன்று கவிழ்த்தேன். வேர்கள் மண்ணை இறுகக் கட்டிக்கொண்டு தேங்காய் மட்டைபோல வந்தன. செப்டம்பரில் யமுனைக்கரை நர்சரியிலிருந்து எருவும் கலந்து வாங்கிய மண். மூட்டையில் மீதி இருந்ததைக் கறிவேப்பிலைத் தொட்டியின் மேலே பரப்பினேன். பழைய மண்ணை இரண்டு சாக்கில் கட்டி, காவலுக்கு இருக்கும் பையன் கீழே சுமந்தான். பின்சுவர் ஓரத்தில், அவன் வெயில் காய நாற்காலி போடும் இடத்துக்குப் பக்கத்தில் கொட்டினோம். அங்கிருந்த பள்ளமும் நிரம்பியது.

டிசம்பர் 28, சனி.

நேற்றும் இன்றும் மழை. 24 மணி நேரத்தில் 41.2 மில்லிமீட்டர், 101 ஆண்டுகளில் டிசம்பர் மாதத்தில் ஒரே நாளில் இவ்வளவு பெய்ததில்லையாம். போர்வைக்குள்ளேயே கிடந்தேன்.

ஜனவரி 19, 2025, ஞாயிறு.

கொட்டிய மண்ணில் பத்துப் பன்னிரண்டு முளைகள். வித்திலைகள் இரண்டும் வழவழவென்று முட்டை வடிவில் இருக்கின்றன. அவற்றின் மேலே எதிரெதிராக இரண்டு இலைகள், ஓரமெல்லாம் ரம்பப் பல். பூஜையில் வாடிய செண்டுமல்லியை அந்த மண்ணில்தான் உதிர்ப்பேன், அதுதான் முளைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஹோலிக்குப் பூத்துவிட்டால் அந்த மூலைக்கு ஓர் அழகு வரும்.

பிப்ரவரி 5, புதன்.

சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வரும் வழியில் பின்சுவர்ப் பக்கம் போனேன். செண்டுமல்லி இல்லை. அடுத்த ஜோடி இலை மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அதற்கும் மேலே வந்தது ஐந்தாக. உள்ளங்கையை விரித்ததுபோல் இருக்கிறது.

தென்காசிப் பக்கம் பிறந்தவளுக்கு ஐந்து இலை என்றால் முதலில் நொச்சிதான் நினைவுக்கு வரும். சளி பிடித்தால் அம்மா நொச்சி போட்டு வேது பிடிக்க வைப்பாள். ஆனால் நொச்சி மரமாகப் போகிற செடி, இத்தனை மென்மையாக, இத்தனை அவசரமாக எழும்பாது. அடுத்து தைவேளை. அதற்கும் ஐந்து இலைதான், ஆனால் ஓரத்தில் இப்படி அழுத்தமான பல் கிடையாது. புளிச்சக்கீரை வகைகளில் ஒன்றின் இலை இதைப் போலவே இருப்பதால்தான் அதன் தாவரவியல் பெயரில் ‘கன்னாபினஸ்’ என்று சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெயர் மனதில் வந்ததும்தான் பொறி தட்டியது. ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தேன். தில்லிக்கு வந்து 34 ஆண்டுகள். அந்த வாடை எனக்குத் தெரியும். ரயில் பாதை ஓரம், யமுனைக் கரை, ஆள் புழங்காத மனை என்று வடக்கே எங்கும் தானாக வளர்கிற பாங். நம் ஊரில் கஞ்சா என்று சொன்னால் குரல் தானாகத் தாழும்.

பிடுங்கிப் போட்டிருக்க வேண்டும். கையில் காய்கறிப் பை இருந்தது, நாளைக்குப் பார்ப்போம் என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்.

காலை 5.36க்குக் கட்டில் ஆடியது. அடியில் ஏதோ பெரிய வண்டி ஓடியதுபோல ஓர் உறுமல். தௌலா குவான் பக்கம் மையமாம், ரிக்டர் 4. எல்லோரும் இறங்கி ஓடினோம். விடியாத இருட்டில், சால்வையும் செருப்புமாக, கட்டடத்தை விட்டு விலகி நிற்க இடம் தேடிப் பின்சுவர்ப் பக்கம் கூடினோம். யாரோ செல்போன் விளக்கை அடித்தார்கள். ஒளி நேராக அந்தச் செடிகளின் மேல் விழுந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வளர்ந்திருந்தன.

“இது என்ன?” என்றார் அடுத்த பிளாக்கின் ஓய்வுபெற்ற அதிகாரி. பதிலை அவரே சொல்லிக்கொண்டு, நாற்காலியைப் பார்த்தார். பிறகு அதில் உட்காருகிறவனைப் பார்த்தார்.

பையனுக்கு மதுபனி மாவட்டம். இருபது வயது இருக்கும். “எனக்குத் தெரியாது, சாப்” என்று மட்டும் சொன்னான். மூட்டையைச் சுமந்து என்னோடு சேர்ந்து கொட்டியவன், என் பக்கம் திரும்பவே இல்லை. நான் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய், இரவு.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டமாம். ஏஜென்சிக்குச் சொல்லிப் பையனை நிறுத்துவது, போலீசுக்கும் சொல்வது. மூன்றாம் மாடி மாமி வந்து, “அவன் நல்ல பையன் மாதிரிதான் இருந்தான்டி” என்றார். ‘இருந்தான்’ என்கிறார், அதற்குள்.

தூக்கம் வராமல் சட்டத்தை எடுத்துப் படித்தேன். போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985. கஞ்சா என்பதற்கு அதில் உள்ள விளக்கம் பூக்கும், காய்க்கும் நுனிகளை மட்டுமே சொல்கிறது. அந்த நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது. இலையை அரைத்துச் செய்யும் பாங் அந்த இடைவெளியில்தான் பிழைத்திருக்கிறது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் எல்லை கடந்தால் உத்தரப் பிரதேசம், அங்கே அரசு உரிமத்தோடு பாங் கடைகளே உண்டு. ஆனால் செடியை வளர்ப்பது வேறு விஷயம். 20ஆம் பிரிவின்படி பத்து ஆண்டுகள் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 46ஆம் பிரிவு இன்னும் ஒன்று சொல்கிறது: தன் நிலத்தில் இதைச் சட்டவிரோதமாக யாராவது பயிரிட்டிருந்தால் நிலத்துக்காரர் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிந்தே விட்டால் தண்டனை.

விதைத்தவர் யாருமில்லை. ஆற்றோரத்தில் காய்ந்து உதிர்ந்த விதை வண்டல் மண்ணோடு வாரப்பட்டு மூட்டையில் வந்திருக்கும். தொட்டியின் ஆழத்தில் கிடந்ததை நான் கவிழ்த்து மேலே கொண்டுவந்தேன், மழை மீதியைச் செய்தது. எனக்கு இது தெளிவு. சங்கத்துக்கு எதைக் காட்டுவது?

மணி ஒன்று இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவள் பால்கனி விளக்கைப் போட்டேன். குளிரில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் கறிவேப்பிலைக்கு அடியில், அதன் தண்டை ஒட்டி, ஒன்று நிற்கிறது. ஐந்து இலை. இத்தனை நாளும் அதற்கும் சேர்த்துத்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

கை அதன் தண்டில் போய்விட்டது. இழுத்தால் வந்துவிடும், நசுக்கிக் கழுவித் தள்ளினால் யாருக்கும் தெரியாது. கீழே இருப்பவை சுவரோரத்தில் தானாக முளைத்தவை. இது என் வீட்டில், தொட்டியில், நான் நீர் விட்டு வளர்ந்தது. ‘வளர்ப்பது’ என்ற சொல் யாருக்குப் பொருந்தும்? 67 வயதில் காவல் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக என்னைக் கற்பனை செய்துபார்த்தேன். அப்புறம் அவனை அங்கே உட்கார்த்திப் பார்த்தேன். அவனை உட்கார்த்துவது எவ்வளவு சுலபமாக இருந்தது! நெஞ்சு அடைத்தது. கையை எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்.

ஞாயிறு வரை ஏன் காத்திருக்க வேண்டும்? காலையில் சங்கச் செயலாளரை வீட்டுக்கு அழைத்து, தொட்டியைக் காட்டினேன். மண் வாங்கிய நாள், கொட்டிய நாள், யார் சுமந்தார், எல்லாம் சொன்னேன். அவர் நெடுநேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நீங்கள் ஏன் திங்கட்கிழமையே சொல்லவில்லை?” என்றார். பயம் என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

மாலையில் பீட் கான்ஸ்டபிள் வந்தார். கீழே நின்றதைப் பார்த்தார், மேலே வந்து தொட்டியைப் பார்த்தார். இந்த வட்டாரத்தில் மழைக்குப் பிறகு எங்கும் வருவதுதான், வேரோடு பிடுங்கி அழித்துவிடுங்கள் என்று குறித்துக்கொண்டு போனார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

நானும் பையனும் சேர்ந்து பிடுங்கினோம். ஆணிவேர் நேராக இறங்கியிருந்தது, மண் இளகியிருந்ததால் சிரமமில்லை. தண்டை ஒடித்தால் ஒடியாமல் நார் நாராகக் கிழிகிறது. கயிறும் பாய்மரத் துணியும் இதிலிருந்து செய்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். எல்லோராக் குகைகளின் சுவர்ப்பூச்சு மண்ணில் இது கலந்திருப்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. நம்மிடம் சணல் என்றால் ஒரு செடி, சணப்பு என்றால் இன்னொன்று. இந்த நாருக்கென்று புழக்கத்தில் தனிப்பெயர் இல்லாததால் மூன்றையும் குழப்பிக்கொள்கிறோம்.

“எங்கள் ஊரில் ரயில் பாதை முழுக்க இதுதான், மாதாஜி” என்றான். முதல் நாளே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

“என் மண் என்று ஏன் சொல்லவில்லை?”

“சொன்னால் நம்பியிருப்பார்களா?”

குனிந்தபடியே அடுத்த செடிக்குப் போய்விட்டான்.

பிப்ரவரி 26, மகா சிவராத்திரி.

கோயில் வாசலில் தண்டாய் பானம் விநியோகம், பாங் கலந்ததும் கலக்காததுமாக. அடுத்த பிளாக் அதிகாரியும் வரிசையில் நின்றார். வணக்கம் சொன்னார், சொன்னேன். காவல்காரனிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைச் சங்கக் கூட்டத்தில் அதைக் கேட்டேன், “விஷயம்தான் முடிந்துவிட்டதே” என்றார்கள். எனக்கு முடியவில்லை. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 5, புதன்.

ஏஜென்சி அவனை நொய்டாவில் வேறு குடியிருப்புக்கு மாற்றிவிட்டது. வழக்கமான மாற்றம் என்கிறார்கள். கிளம்பும்போது நான் வங்கிக்குப் போயிருந்தேன். நாற்காலியை மடித்து என் வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் போயிருக்கிறான். அது நான் கொடுத்தது என்பதே எனக்கு மறந்திருந்தது.

மார்ச் 14, வெள்ளி, ஹோலி.

பின்சுவர் மண்ணில் மறுபடியும் நான்கு முளைகள். புதிய காவலருக்கு ஐம்பது வயதுக்கு மேல். அவரைக் கூப்பிட்டு, இலையைக் காட்டி, இந்த மண் என் வீட்டுப் பால்கனியிலிருந்து வந்தது, யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள் என்றேன். செயலாளரிடம் எழுதியும் கொடுத்துவிட்டேன். பிறகு பிடுங்கினேன்.

மதியம் பையனுக்குப் போன் போட்டேன். பின்னால் ஹோலிச் சத்தம். அங்கே மூன்று வாசல், ராத்திரி வேலை என்றான். மன்னிப்புக் கேட்டேன், ஹிந்தியில் அந்தச் சொல்லை இதுவரை இப்படிக் கேட்கப் பயன்படுத்தியதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “கறிவேப்பிலை துளிர்த்துவிட்டதா, மாதாஜி?” என்று கேட்டான்.

போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். இரண்டு இடத்தில்.