ஒலிக்கோப்பும் உலாவியும்

கல்லில் பொறித்த எழுத்தைக் கண்ணுடையார் எவரும் காணலாம். இணையத்தில் ஏற்றிய ஒலியோ அத்தகையதன்று. கேட்பவரின் உலாவி அவ்வொலியின் வடிவத்தை அறிந்திருந்தாலன்றி அது ஊமையாகவே கிடக்கும். ஒரே பக்கம் ஓர் உலாவியில் பாடுவதும், மற்றோர் உலாவியில் வாய் மூடி நிற்பதுமாகிய விந்தை சில ஆண்டுகள் உலகெங்கும் நிகழ்ந்தது.

குறுந்தட்டில் ஒலியைப் பதிப்போர் அதனை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளால் குறிப்பர். இடம், வலம் என இரு வழிகளுக்கும் சேர்த்து ஒரு நொடிக்குப் பதினான்கு இலட்சம் பிட்டுகளுக்கு மேலாகும். நொடிக்கு 28,800 பிட்டுகளே கடத்தவல்ல பழைய தொலைபேசி இணைப்பில் மூன்று நிமிடப் பாடலைப் பதிவிறக்க ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் வேண்டும். பாட்டைக் கேட்கும் ஆவலே அதற்குள் அடங்கிவிடும் அன்றோ?

இச்சுமையைக் குறைக்க வழி கண்டோருள் ஒருவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். செருமனியின் எர்லாங்கன் நகரில் பிரான்ஹோபர் நிலையத்தாரோடு அவர் உழைத்தார். மேளம் முழங்குங்கால் அருகிருப்பவரின் முணுமுணுப்பு செவியில் விழுவதில்லை. செவி உணராத அத்தகைய கூறுகளை நீக்கினால் கோப்பு சிறுத்துவிடும். ஆயினும், பக்கவாத்தியம் ஏதுமின்றிச் சூசன் வேகா பாடிய ஒரு பாடலை அவர் சோதித்தபோது குரல் சிதைந்து ஒலித்தது. அப்பாடலையே மீண்டும் மீண்டும் கேட்டு முறையைத் திருத்தினார். 1995-ஆம் ஆண்டில் எம்பி3 என்னும் பெயர் பெற்ற அவ்வடிவம், குறுந்தட்டின் அளவில் பதினொன்றில் ஒரு பங்கிலேயே பாடலை அடக்க வல்லது.

ஆனால் அம்முறைக்குக் காப்புரிமை இருந்தது; உரிமைக் கட்டணம் செலுத்தவேண்டும். எவரும் படியெடுத்து வழங்கலாம் என்னும் கொள்கையுடைய பயர்பாக்ஸ் உலாவி, 2009-இல் ஒலிக்குறியை ஏற்றபோது எம்பி3 வடிவத்தை ஏற்கவில்லை. கட்டணமற்ற ஆக் வோர்பிஸ் வடிவத்தையே ஏற்றது. சபாரியோ எம்பி3 வடிவத்தை ஏற்று வோர்பிஸை விலக்கியது. 2011-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9 உலாவியும் அவ்வழியே சென்றது. குரோம் மட்டும் இரண்டையும் இசைத்தது. கொள்கையில் உறுதி பாராட்டத்தக்கதே. எனினும், அதன் விலையைக் கொடுத்தவர் கேட்பவரே.

இத்துன்பம் யாரைத் தாக்கும் என்பதை லிப்ரிவாக்ஸ் என்னும் முயற்சியிலே காணலாம். 2005-இல் மாண்ட்ரியல் நகரில் ஹ்யூ மெக்குவயர் தொடங்கிய அதில், பதிப்புரிமை நீங்கிய நூல்களைத் தொண்டர்கள் ஊதியமின்றிப் படித்துப் பதிவு செய்கின்றனர். கண்ணொளி இழந்த ஒருவர் அந்நூலைத் தேடி வருகையில், உலாவி வாளா இருக்குமாயின் அவருக்கு ஏது நூல்? ஆதலின் அப்பதிவுகள் எம்பி3, வோர்பிஸ் ஆகிய இரு வடிவிலும் வைக்கப்பட்டன. பிற பக்கங்களை அமைத்தோரும் இரு கோப்புகளை அடுத்தடுத்து எழுதிவைத்தனர். உலாவி வரிசையாகப் பார்த்துத் தனக்குத் தெரிந்த முதற்கோப்பை எடுத்துக்கொண்டது.

2013-இல் பயர்பாக்ஸ், விண்டோஸ் கணினியிலேயே இருந்த கருவியின் துணைகொண்டு எம்பி3 ஒலியை இசைக்கலாயிற்று. 2017-இல் எம்பி3 உரிமம் வழங்கும் திட்டமே முடிவுற்றது. லிப்ரிவாக்ஸின் பழைய பதிவுகளுக்கு அருகே அவ்விரண்டு கோப்புகளும் இன்னும் கிடக்கின்றன.