காற்று போகும் வழி

சமயநல்லூரில் திண்டுக்கல் நெடுஞ்சாலையை விட்டு வைகைப் பக்கம் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து வண்டிப்பாதை தொடங்கிவிடும். வாய்க்கால் கரை, தென்னந்தோப்பு, அறுப்பு முடிந்த வயல் என்று அது தேனூர், சோழவந்தான் பக்கமாகப் பிரிந்து போகிறது. லாரி நுழைய முடியாத இந்த இடங்களுக்கெல்லாம் போவது லோடு ஆட்டோதான். தேங்காய், வைக்கோல் கட்டு, உர மூட்டை எல்லாம் அதில்தான் ஏறுகின்றன. தெருவில் ஓடுவதற்கென்று செய்த மூன்று சக்கர வண்டி, மணலிலும் சேற்றிலும் புதைந்து புதைந்து எழுந்து வருகிறது. இந்த வண்டிகள் பட்டறைக்கு வருவதற்கு முதல் காரணம் சூடு.

நான் போன பட்டறை ஒரு தகரக் கொட்டகை. மெக்கானிக் ஐம்பதைத் தாண்டியவர். வேலை கற்கும் இளைஞர்கள் இரண்டு பேர் கூட இருந்தார்கள். மதுரைக்கு இந்தக் கைவேலை புதிதல்ல. 1912இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் இங்கே பஸ் விட்ட காலத்திலிருந்து, பட்டறையில் நின்று பார்த்தே தொழில் கற்ற தலைமுறைகள் இந்த ஊரில் உண்டு. இவரும் அப்படிக் கற்றவர்தான்.

அன்று வந்திருந்தது பழைய அப்பே டீசல் வண்டி. 395 சி.சி. கிரீவ்ஸ் எஞ்சின், ஒற்றை சிலிண்டர். ரேடியேட்டர் கிடையாது, காற்றுதான் குளிர்விக்க வேண்டும்.

"வெயிலுக்குத் தாங்கலண்ணே. தேங்கா ஏத்துனா கரை ஏற மாட்டேங்குது. சூடு தெரிஞ்சா வாய்க்கால் தண்ணிய மொண்டு ஊத்திக்கிட்டுத்தான் வாரேன்" என்றார் ஓட்டுநர்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். "வெயிலு போன வருசமுந்தான் அடிச்சுச்சு. கொதிக்கிற ஹெட்டுல பச்சத் தண்ணிய ஊத்தாதடா தம்பி, வெடிச்சுப் போகும். ஏய், ஜாக்கியப் போடு."

எஞ்சினைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். வலது சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இடது, அரைச் சுற்றில் நின்றது. பிரேக் ஷூ டிரம்மை விடாமல் உரசிக்கொண்டிருந்தது. பிரேக்கையும் சேர்த்து இழுக்கிற எஞ்சின் எப்படிச் சூடாகாமல் இருக்கும்? டீசலில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் பயன்படும் உழைப்பாகிறது. மீதி அத்தனையும் சூடாகத்தான் வெளியேற வேண்டும். வீணாகச் செய்கிற ஒவ்வொரு இழுவைக்கும் அதைப்போல இரண்டு மடங்கு சூட்டை எஞ்சின் கூடுதலாகத் தள்ளியாக வேண்டும்.

வெயில் என்ற குற்றச்சாட்டை மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளான ஃபின்களின் சூடு 160 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்று 30 டிகிரி என்றால் வித்தியாசம் 130. கத்திரியில் காற்று 40 ஆனால் 120. பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. வெயிலுக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் பெரிய பங்கு வேறு எங்கோ இருக்கிறது.

அது எங்கே என்பது எஞ்சின் மூடியைத் திறந்ததும் தெரிந்தது. டாப் கவர் கேஸ்கட்டிலிருந்து கசிந்த ஆயில் ஃபின்களில் படிந்திருந்தது. அந்த ஆயிலில் புழுதியும் வைக்கோல் தூசும் நெல் பதரும் ஒட்டி, காய்ந்து, இடைவெளியே தெரியாமல் இறுகிக் கிடந்தன. ஃபின்களின் உலோகம் சூட்டைக் கடத்துவதில் காய்ந்த மண்ணைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமானது. அதன்மேல் இப்படி ஒரு படிவு உட்கார்ந்தால் எஞ்சின் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடுகிறது என்றுதான் அர்த்தம்.

அதைவிடப் பெரிய கோளாறு, இருக்க வேண்டிய ஒன்று அங்கே இல்லாதது. ஃபிளைவீல் ஃபேன் தள்ளும் காற்றை ஃபின்களுக்கு இடையே திருப்பிவிடும் தகரக் கவுலில் பாதியைக் காணோம். "காத்து நல்லாப் படட்டும்னு கழட்டுனது" என்றார் ஓட்டுநர். எத்தனையோ வண்டிகளில் நல்லெண்ணத்தோடுதான் இது நடக்கிறது. ஆனால் காற்று எளிய வழியில்தான் போகும். கவுல் இல்லாவிட்டால் நெருக்கமான ஃபின்களுக்குள் நுழையாமல் வெளியே சிதறிப்போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டுபோகும் சூட்டைக் கொண்டுபோக மூவாயிரம் லிட்டருக்கும் மேல் காற்று வேண்டும். அதில் ஒரு பகுதியையும் இழக்க முடியாது.

ஃபிளைவீலில் ஃபேன், சுற்றிலும் கவுல் என்ற இந்த ஏற்பாடு 1946இல் வந்த முதல் வெஸ்பா ஸ்கூட்டரிலேயே இருந்தது. அதை வடிவமைத்த கொர்ராதீனோ தஸ்கானியோ விமானப் பொறியாளர், ஹெலிகாப்டரும் செய்தவர். காற்றின் போக்கை அறிந்தவர். 1948இல் அந்த ஸ்கூட்டரிலிருந்துதான் அப்பே பிறந்தது. அத்தனை யோசித்துச் செய்த ஒரு பாகம் வேண்டாத தகரமாகிக் குப்பைக்குப் போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது.

வேலை மெதுவாக நடந்தது. ஒரு பையன் மூங்கில் சிம்பை மெல்லிசாகச் சீவி, ஃபின்களுக்கு இடையே விட்டுச் சுரண்டினான். ஸ்குரூ டிரைவரை எடுக்கக் கூடாதாம். ஃபின் உடைந்தால் அந்த இடம் போனதுதான். பிறகு பிரஷ்ஷால் டீசல் தடவி ஊறவிட்டார்கள். கம்ப்ரஸர் காற்றை ஃபேன் தள்ளும் திசைக்கு எதிர்த் திசையில் அடித்தார்கள். அதே திசையில் அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய் அடைந்துகொள்ளும். புது கேஸ்கட் போட்டு ஆயில் கசிவை நிறுத்தினார்கள். கசிவை விட்டுவிட்டுக் கழுவினால் அடுத்த அறுப்புக்குள் பழைய கதைதான்.

கவுலை மெக்கானிக்கே செய்தார். தகரத்தை அளவெடுத்து, கத்தரித்து, முழங்காலில் வைத்து வளைத்தார். பொருத்திய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி விளிம்புகளின் ஓரமாகக் கொண்டுபோனார். புகை கலைந்த இடமெல்லாம் காற்று வெளியே ஒழுகும் இடம். அங்கே இன்னும் ஒரு தட்டு. ஃபேன் காற்று இழுக்கும் வாய் சக்கரப் புழுதிக்கு நேராக இருந்ததால், ஒரு தகரக் குழாய் வைத்து அதை மேலே உயர்த்தினார். அதன் வாயில் அகலக் கண் வலை. சின்னக் கண் வலை போட்டால் பதர் அப்பிக்கொண்டு வலையே மூடியாகிவிடும். நான் பார்த்ததில் அருமையான வேலை இதுதான்.

வாய்க்கால் கரையில் சுமையோடு ஓட்டிப் பார்த்தபோது பாடம் ஓட்டுநருக்கு. அவர் மேட்டிலும் இரண்டாம் கியரிலேயே அழுத்தினார்; எஞ்சின் முக்கியது. மெக்கானிக் முதல் கியருக்கு மாற்றச் சொன்னார். ஃபேன் எஞ்சினோடு சுற்றுவது. எஞ்சின் திணறித் திணறிச் சுற்றும்போது பாரம் அதிகம், காற்று குறைவு. முதல் கியரில் சத்தம் கூடினாலும் காற்றும் கூடுகிறது. மேடு ஏறியதும் உடனே அணைக்கக் கூடாது, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட வேண்டும். அணைத்தால் ஃபேனும் நின்றுவிடுமே.

பட்டறைக்கு அடுத்து வந்தது தண்ணீரில் குளிரும் வண்டி. அதிலும் அதே கதைதான்: தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை யாரோ கழற்றியிருந்தார்கள். ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் போர்த் தண்ணீர். உள்ளே உப்பு படிந்திருந்தது.

கூலி பேசும்போதுதான் சிக்கல் வந்தது. "புதுசா ஒரு சாமானும் போடலயே, இம்புட்டா?" என்றார் தேங்காய் வண்டிக்காரர். கேஸ்கட்டுக்கு மறுபேச்சில்லாமல் பணம் எடுத்தவர், சுரண்டிக் கழுவிய மணிக்கணக்கான உழைப்புக்குத் தயங்கினார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சூட்டால் நின்றுபோன நடைகளின் வருமானம் அவருக்கு ஏற்கெனவே நட்டம். ஆனால் அந்தப் பையன்களின் விரல் நகங்களில் டீசல் ஏறிக் கிடந்ததையும் பார்த்தேன். உழைப்புக்குத் தனியாக விலை இல்லை என்றால், கழுவினால் போதும் என்கிற இடத்தில் ஹெட்டை மாற்றச் சொல்லும் பட்டறைகள்தான் பிழைக்கும்.

மெக்கானிக் கோபப்படவில்லை. ஒரு தாளில் கேஸ்கட், கவுல் தகரம், சுத்தம் செய்த கூலி என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். ஓட்டுநர் படித்துப் பார்த்துவிட்டு முழுசாக எண்ணிக் கொடுத்தார்.

"அடுத்து எப்பண்ணே வரணும்?"

"அறுப்பு முடிஞ்ச மறுநா வா. பதரு உள்ள இறுகுறதுக்குள்ள எடுத்துட்டா பாதி நேரந்தான், பாதிக் கூலிதான்."